சிந்தனைக்கு ஐந்து மதிப்பெண்

என் தம்பி மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த ஒரு கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘கிரியேட்டிவ் வினாக்கள் – விடைகளுடன்’. ஒன்று முதல் நூறு வரை மூன்றால் வகுபடாத எண்களின் கூடுதல் என்ன என்று ஒரு கேள்வி. கேட்ட மாத்திரத்தில் 3367 என்றாள். 5050-இல் 1683-ஐக் கழிக்க வேண்டும் என்று படிகளையும் ஒப்பித்தாள். “சரிம்மா, நான்கால் வகுபடாதவை?” என்றேன். “அது இதுல இல்ல பெரியப்பா.”

பிள்ளை மேல் தப்பில்லை. தேர்வில் சிந்தனைக் கேள்வி வைத்தால் பிள்ளைகள் சிந்திக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று நாடே நம்பிக்கொண்டிருக்கிறதே, அந்த நம்பிக்கை செய்த வேலை இது.

தமிழகப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் 42-ஆவது கேள்வி கட்டாய வினா. சொந்தமாக யோசிக்கட்டும் என்று ஐந்து மதிப்பெண் ஒதுக்கிய இடம். யோசித்தார்களா? 42-க்கென்று கைடு வந்தது, டியூஷன் வந்தது, ஸ்பெஷல் கிளாஸ் வந்தது. முந்தைய ஆண்டுகளின் 42-களையெல்லாம் திரட்டி உருப்போட வைக்கிறார்கள். முன்பு புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, இப்போது புத்தகத்துக்கு வெளியே இருப்பதையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்தக் கைடு வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஐந்தும் போச்சு.

சி.பி.எஸ்.இ. இதற்கும் ஒரு படி மேலே போனது. 2012-13 கல்வியாண்டில் பாடந்தோறும் பண்புசார் கேள்விகளைப் புகுத்தினார்கள். இயற்பியல் தாளில் ஒரு பையன் யாருக்கோ உதவுவான். அவனிடம் வெளிப்படும் பண்புகளை எழுத வேண்டும். அக்கறை, பொறுப்புணர்வு என்று எழுதினால் மதிப்பெண். எந்தப் பையன் யாருக்கு உதவினாலும் அதே இரண்டு சொற்கள்தான்! அதே ஆண்டில் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குச் சிக்கல் தீர்க்கும் திறனைச் சோதிக்கவென்றே தனித் தேர்வு ஒன்றும் வந்தது. சீக்கிரமே அதைக் கைவிட்டார்கள். கைவிட்டவர்கள் பாடம் படித்தார்களா என்றால் இல்லை. இப்போது திறன்சார் வினாக்கள் என்று புதுப்பெயரில் வினாத்தாளில் பாதியை நிரப்புகிறார்கள். அவற்றுக்கும் கைடு வந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? லட்சக்கணக்கான விடைத்தாள்களைச் சில நாட்களில் திருத்தியாக வேண்டும். திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது, படிக்கு இத்தனை மதிப்பெண் என்று. விடையை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொண்டு, பிள்ளை புதிதாக யோசித்ததா என்று எப்படி அளப்பீர்கள்? தமிழ்க் கட்டுரையிலும் இதே கொடுமைதான். மழையைப் பற்றி எழுதச் சொன்னால், தான் நனைந்த மழையை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். குறிப்புச் சட்டகம், உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்று நோட்ஸில் உள்ளதை இறக்கிவைத்த பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

சிந்தனை பிறக்க வேண்டிய இடம் வகுப்பறை. நான்கால் வகுபடாத எண்களைப் பற்றிய அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் இருபது நிமிடம் பேசாமல் நிற்கட்டும். ஒருத்தி தப்பாகப் போடுவாள், பக்கத்தில் இருப்பவன் மறுப்பான், கடைசி பெஞ்சிலிருந்து வேறொரு வழி வரும். யாருக்கும் மதிப்பெண் கிடையாது என்பதால் தப்பாகச் சொல்ல யாரும் பயப்படவும் மாட்டார்கள். ஆனால் அந்த இருபது நிமிடம் எங்கே இருக்கிறது? டிசம்பருக்குள் போர்ஷன் முடிய வேண்டும், ஜனவரியிலிருந்து திருப்புதல் தேர்வு.

படைப்பாற்றல் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் ஓவிய ஆசிரியரை எப்படி வைத்திருக்கிறார்கள்? 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வீதியில் போராடிப் போராடியே ஆண்டுகள் ஓடிவிட்டன. தனியார் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வந்தால் ஓவியத்துக்குக் கும்பிடுதான். என் தம்பி மகளுக்கு வாரம் ஒரு ஓவிய வகுப்பு இருந்தது. இந்த ஆண்டு அதை எடுத்துக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள், கிரியேட்டிவ் வினாக்களுக்குப் பயிற்சி தருவதற்காக.