வெளியேறச் சொல்லும் தோழர்களுக்கு

போன மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் முடிந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு நாவலிலிருந்து நழுவி சிபிடிபிபிக்கு வந்தது. அந்தப் பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தத்திலிருந்து மலேசியா உடனே வெளியேற வேண்டும் என்றார் ஒரு தோழர். "அது முதலாளிங்க எழுதுன காகிதம், கிழிச்சுப் போடணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மேலேயே எரிச்சல் வந்தது. நம் கூட்டங்களில் 'ஏகாதிபத்தியம்' என்று ஒரு சொல் விழுந்தால் போதும், அதற்கப்புறம் யாரும் எதையும் படிப்பதில்லை.

அன்று ராத்திரி அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தேன். பத்தொன்பதாம் அத்தியாயம் தொழிலாளர் பற்றியது. சங்கம் அமைக்கும் உரிமையும் கூட்டுப் பேரம் பேசும் உரிமையும் உள்நாட்டுச் சட்டத்தில் இருந்தாக வேண்டும் என்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மலாயா கணபதி ஞாபகம் வந்தார்.

கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கவிதைகூட எழுதுவோம். அதற்கு முந்தின வருடம், அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன், ஆங்கிலேய அரசு தொழிற்சங்கச் சட்டத்தில் செய்த திருத்தத்தைப் பற்றித்தான் பேச மாட்டோம். ஒரே மாதிரித் தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாகச் சேரலாம் என்பது அந்தத் திருத்தம். தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவனும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும் ஒரே குடையின் கீழ் நின்றால் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கணபதி தலைமை தாங்கிய அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் அதோடு சட்டவிரோதமானது. கயிறு பிறகுதான் வந்தது. வேலி முதலில் வந்தது.

சுதந்திரம் கிடைத்தபின் நாம் இயற்றிய 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கவில்லை. அந்தந்தத் தொழிலுக்குள்தான் சங்கம் என்று இன்னும் இறுக்கமாகவே அடித்தது. இது எவ்வளவு கேலிக்கூத்து என்பதை என்னால் சொல்ல முடியும். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் முளைத்தபோது மின்சாதனத் தொழிலாளர் சங்கம் மின்னணுத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தது. மின்சாரமும் மின்னணுவும் 'ஒரே மாதிரித் தொழில் இல்லை' என்று பதிவதிகாரி மறுத்துவிட்டார். நான் நாலு வருடம் படித்த துறைக்குப் பெயரே மின், மின்னணுப் பொறியியல். ஒரே சான்றிதழ், ஒரே ஆய்வுக்கூடம். சங்கம் என்று வந்தால் மட்டும் ரெண்டும் வேறவேற சாதி! பல பத்தாண்டுகள் அந்தப் பெண்கள் சங்கமில்லாமல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஷிப்ட் பார்த்தார்கள்.

அந்த வேலி 2024 செப்டம்பர் 15ஆம் தேதி நீங்கியது. திருத்தப்பட்ட தொழிற்சங்கச் சட்டத்தின்படி தொழில், துறை என்ற கட்டுப்பாடு இல்லாமல் சங்கம் அமைக்கலாம். இதற்கு ஒப்பந்தம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், தொழிற்சங்கவாதிகள் காலங்காலமாகக் கத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கத்தியபோது அசையாத அரசாங்கத்துக்குப் பதினொரு நாட்டுக் காகிதம் ஒரு நெருக்கடி கொடுத்தது. புதுச் சட்டத்தால் சங்கங்கள் துண்டுதுண்டாகிவிடும், முதலாளியே தனக்கு ஒத்தூதும் சங்கத்தைத் தொடங்கிக்கொள்வான் என்ற பயம் சங்கத்துக்காரர்களிடமே இருக்கிறது. நியாயமான பயம். அதற்காக 1948க்குத் திரும்புவோமா?

வெளியேறுவது சுலபம். நியூசிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதினால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். மறுநாளே சட்டம் மாறிவிடாது என்பதும் உண்மை. ஆனால் அதை மாற்றாதே என்று வெளியிலிருந்து தடுக்கும் ஒரு பூட்டு போய்விடும். நம்ம அரசாங்கங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கையா உங்களுக்கு?

தோழரின் கோபத்தில் சரியான பகுதியும் உண்டு. இந்த ஒப்பந்தத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர் நம் அரசாங்கத்தை நம் நீதிமன்றத்துக்கு வெளியே, தனி நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். தொழிலாளியோ தன் குறையை எழுத்தில் சமர்ப்பிக்கலாம், அவ்வளவுதான். வழக்காட வேண்டுமானால் இன்னொரு நாட்டு அரசு மனசு வைக்க வேண்டும். முதலாளிக்கு வழக்கு, தொழிலாளிக்கு மனு. இதை மாற்றத்தான் மறுபடி பேச வேண்டும். அப்படிப் பேச முடியும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். நியூசிலாந்து சில நாடுகளோடு தனித்தனிக் கடிதம் போட்டு, முதலீட்டாளர் கட்டாயமாக வழக்குக்கு இழுக்கும் விதியை விலக்கி வைத்திருக்கிறது. அவற்றில் மலேசியாவும் ஒன்று! நியூசிலாந்து கேட்டபோது கையெழுத்துப் போடத் தெரிந்த நமக்கு, ஜப்பானிடமும் கனடாவிடமும் அதையே கேட்க ஏன் வாய் வரவில்லை?

வெளியே போனவர்கள் கதையையும் பாருங்கள். 2017இல் டிரம்ப் முறித்துக்கொண்டு போனதும் மீதிப் பதினொரு நாடுகள் மருந்துக் காப்புரிமை உட்பட 22 விதிகளைக் கிடப்பில் போட்டன. பெரும்பாலும் அமெரிக்கா வற்புறுத்தி நுழைத்தவை. மேசையை விட்டு எழுந்தவனுடைய தட்டைத்தான் முதலில் எடுத்தார்கள்.

என் தாத்தா கெடாவில் தோட்ட வேலை செய்தவர். சங்கச் சந்தாவை ஒரு மாதமும் விட்டதில்லை என்று பாட்டி இன்றும் சொல்வார். பேரன் எனக்கு வேலை செய்யும் இடத்தில் சங்கமே கிடையாது. சட்டம் மாறிய செய்தியை எங்கள் லைனில் வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் சொன்னேன்.

"சேர்ந்தா வேலை போவாதுன்னு யாரு தம்பி எழுதிக் குடுப்பா?" என்று கேட்டார்.

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுப்பதாகப் பதினொரு நாடுகள் சேர்ந்து வாக்குக் கொடுத்த ஒரு காகிதம்தான் கையில் இருக்கிறது. அதைக் கிழிக்கச் சொல்கிற தோழர் அந்த அக்காவிடம் வந்து அவரே பதில் சொல்லட்டும். காலை ஷிப்ட் மூணு மணிக்கு முடியும், பஸ் நிறுத்தத்தில் நானும் கூட நிற்கிறேன்.