வாலிபரும் நவீனமும்

வாலிபப் பிராயம் வினாக்களின் பிராயம். ‘யான் யார்?’ என்னும் வினா எழும் அவ்வயதினர்க்கென்றே எழுதப்பெற்ற நவீனங்கள் ஆங்கிலத்தில் மலிந்துள்ளன. நம் மாணவர் பலர் அவற்றை விரும்பிப் படிக்கின்றனர். அவற்றைப் பழித்தல் நம் நோக்கமன்று. ஆயினும் கொங்கு மண்ணில் விளைந்த இரண்டு நவீனங்களையும் அவர்கள் படித்தல் வேண்டும் என்போம். இரண்டும் திருச்செங்கோட்டுப் பகுதியினரான பெருமாள்முருகன் எழுதியவை.

1991இல் வெளிவந்த ‘ஏறுவெயில்’, குடியிருப்புக் காலனிக்காக நிலம் இழந்த வேளாண் குடும்பத்துப் பிள்ளையின் கதை. 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்த சரவணம்பட்டியில், காடுதோட்டங்கள் இருந்த இடத்தே கணிப்பொறிக் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் எழக் கண்டோர்க்கு இஃது அயலூர்க் கதையன்று.

அதனோடு நின்றுவிடின் இழந்ததை எண்ணி இரங்குதலே எஞ்சும். 2000இல் வெளிவந்த ‘கூள மாதாரி’, பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியச் சிறுவனின் கதை. பண்ணையக்காரர் மகனோடு அவன் கொண்ட தோழமை, வயது ஏற ஏறச் சாதியென்னும் பாறையில் மோதுகின்றது. இழப்பதற்கும் அவனுக்கு நிலமில்லை.

முன்னது, ‘யான் எதனை இழந்தேன்?’ என வினவச் செய்யும். பின்னது, ‘என் வாழ்வு யாருடைய உழைப்பின்மேல் நின்றது?’ என வினவச் செய்யும். இப்பின்வினாவைக் கேளாதவன் வயதில் வளர்ந்தானேயன்றித் தன்னை அறிந்தானல்லன். ஆதலின் இவ்விரு நூல்களும் நம் கலாசாலைப் புத்தகசாலையில் அருகருகே இருத்தல் வேண்டும். மாணவர் கையிலும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்தல் வேண்டும்.