கறுத்த குப்பி

எங்கள் வீட்டு அலமாரியில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் மையாகக் கறுத்துவிட்டது. போன வருடம் முதல் மழை பெய்த மறுநாள் ஓடையோரத்து ஊற்றில் நான் பிடித்த தண்ணீர் அது. கறுத்தால் அதில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊருக்கு ஐந்து பெண்கள் தண்ணீரைச் சோதிக்கப் பழக வேண்டும். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊரின் ஐவரில் நான் ஒருத்தி. பயிற்சி நாளில் தக்காளிச் சாதமும் பஸ் காசும் கிடைத்தன. பெட்டியைக் கையில் கொடுத்துக் கைதட்டினார்கள். "தண்ணியோட அருமை பொம்பளைங்களுக்குத்தாம்மா தெரியும்" என்றார் வந்திருந்த அதிகாரி. குப்பி கறுத்ததும் அவருக்கே போன் போட்டேன். "கிட்ல வர்றது முடிவு கிடையாதும்மா, லேப்ல வந்தாதான் கணக்கு" என்றார். லேப் மலைக்குக் கீழே இருக்கிறது. மாதிரியை ஐஸில் வைத்துக் கெடாமல் அன்றைக்கே சேர்க்க வேண்டும். நெல்லிவாசலில் ஐஸுக்கு நான் எங்கே போக?

அருமை எனக்குத் தெரியுமாம். நான் சொன்னால் மட்டும் செல்லாதாம்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். கீழே தூக்கிக்கொண்டு ஓடியவள் அதன் தாய். "தண்ணியைக் காய்ச்சிக் கொடுக்க மாட்டியா?" என்று அங்கே திட்டு வாங்கியவளும் அவள்தான். காய்ச்ச விறகு வேண்டும். அதைப் பொறுக்கிச் சுமப்பதும் அவள்தான். ஊற்றுக்கு மேலே மலம் கழித்தவர்களையும் மாட்டுச் சாணத்தைக் குவித்தவர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நகரத்தில் இப்படி இருக்காது என்று நம்பியிருந்தவள் நான். படிக்கப் போனபோது மூன்று வருடம் சேத்துப்பட்டில் விடுதியில் இருந்தேன். கூவம் பக்கத்து ஜன்னலைத் திறந்ததே இல்லை. அங்கே தண்ணீரைச் சோதிக்க வாரியம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கும் துல்லியமாக வருகிறது. ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடையில் கூவத்தின் பி.ஓ.டி. லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதன் அளவு அது. குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3ஐத் தாண்டக் கூடாது.

சரி, 345 என்று தெரிந்துவிட்டது. தெரிந்து யாரைப் பிடித்தார்கள்? கூவத்தை மீட்கிறோம் என்று கரையோரக் குடிசைகளைப் பிரித்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் மாதிரியான தொலைவுகளுக்கு அனுப்பினார்கள். நடந்துபோய் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்களுக்கு அந்த நான்கு வீடும் போயிற்று. மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகக் கழிவுநீரை விடும் மாடி வீட்டுக்காரர் ஒருவரையாவது அப்படி லாரியில் ஏற்றினார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. தேசியக் கண்காணிப்புத் திட்டத்தில் ஆற்றுத் தண்ணீரை மாதத்துக்கு ஒரு முறையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறையோதான் எடுக்கிறார்கள். வெயில் காலம் முழுக்கத் தெருவிலும் கூரையிலும் சாக்கடையிலும் சேர்ந்த அழுக்கை முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் அடித்துக்கொண்டு வருகிறது. நகரத்துக் கால்வாய்க்கும் எங்கள் கானாற்றுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் மாதிரி எடுப்பவர் வரமாட்டார். குடத்தோடு நிற்பவளுக்குத்தான் நிறமும் நாற்றமும் நுரையும் தெரியும். அவள் சொன்னால் அதற்குப் பெயர் புலம்பல்.

எண் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எங்கள் மலையடிவாரமே சாட்சி. ஜவ்வாது மலையின் வடக்குச் சரிவு ஓடைகள் பாலாற்றுக்குப் போகின்றன. அந்தப் பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்ததற்கு, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே வேலூர் வட்டாரத் தோல் கழிவுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் இருபத்தெட்டு வருடம். அத்தனை வருடமும் அந்த ஊர்க் கிணறுகளில் யார் நீர் இறைத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

எனக்குப் பெட்டி மேல் கோபமில்லை. கிருமி கண்ணுக்குத் தெரியாது, குப்பியில் தெரிகிறது. நல்ல கருவிதான். ஆனால் வேலையைப் பெண்ணிடமும் அதிகாரத்தை அலுவலகத்திடமும் பிரித்து வைத்துவிட்டு, அதற்கு 'அதிகாரமளித்தல்' என்று பெயர் சூட்டாதீர்கள். என் குப்பி கறுத்தால் மறுநாள் உங்கள் ஆள் ஐஸ் பெட்டியோடு மலையேறி வரட்டும். முடிவு வரும்வரை வேறு தண்ணீர் வரட்டும். முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பெட்டியில் இன்னும் நான்கு குப்பிகள் மிச்சம். போன மாதத்தோடு காலாவதியாகிவிட்டன. புதுப் பெட்டி கேட்டு மனு எழுதியிருக்கிறேன். ஐந்து பேருக்கும் நாள் கூலி எவ்வளவு என்றும் அதிலேயே கேட்டிருக்கிறேன்.