திருமணப் பரிசோதனை என்ற பெயரில் நடக்கும் அநீதி

ஆசிரியர் அவர்களுக்கு,

திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் இதழில் வாரந்தோறும் கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். அந்த நல்ல எண்ணம் என் தங்கை மகளை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நிச்சயம் முடிந்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. 'இப்போது எல்லாரும் எடுக்கிறார்கள்' என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை ஒரு தனியார் லேபுக்கு அழைத்துப் போனார்கள். மணப்பெண்ணுக்கென்றே அங்கே ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றோடு ஹெர்பிஸ் கிருமிக்கான ஐஜிஜி (எதிர்ப்பொருள்) பரிசோதனையும் அதில் சேர்ந்திருக்கிறது. எதற்கெல்லாம் ரத்தம் எடுக்கிறோம் என்று அவளிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரிப்போர்ட்டும் அவள் கைக்கு வரவில்லை. பணம் கட்டியவர் என்பதால் மாப்பிள்ளையுடைய அக்காள் கணவரின் வாட்ஸ்அப்புக்குப் போனது. 'ஹெர்பிஸ் 1, 2 பாசிட்டிவ்' என்ற ஒரே வரியை அவர் கூகுளில் தேடினார். அன்று இரவே 'பெண்ணுக்குப் பால்வினை நோயாம்' என்று இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பரவிவிட்டது. கல்யாணம் நின்றது. அவள் வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஹெர்பிஸில் இரண்டு வகை உண்டு. காய்ச்சலின்போது வாயோரம் கொப்புளம் வெடிக்கிறதே, அது பெரும்பாலும் முதல் வகை. பாட்டியும் அத்தையும் கொஞ்சி முத்தமிட்டதிலேயே சின்ன வயதில் ஒட்டிக்கொள்ளும். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிறப்புறுப்பில் புண்ணாக வரும் இரண்டாம் வகையும் அரிதானதல்ல. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்குப் 13 பேருக்கு இருக்கிறது. பலருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கொப்புளம்கூட வருவதில்லை.

அந்த லேப் செய்தது இரண்டு வகையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை. எந்த வகை, உடம்பில் எங்கே, எந்த வயதில், யாரிடமிருந்து என்று எதையுமே அது சொல்லாது. வகை பிரித்துப் பார்க்கும் பரிசோதனையிலும் ரிப்போர்ட்டில் வரும் எண் குறைவாக இருந்தால் தவறான பாசிட்டிவ் அடிக்கடி வரும். அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-இல் சொன்னது, 2023-இல் மறுபடியும் சொன்னது. தவறான முடிவுகளால் மன உளைச்சலும் உறவில் விரிசலும் வரும் என்பதையும் காரணமாகக் காட்டியிருக்கிறது. அதுதான் எங்கள் வீட்டில் நடந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் உதட்டோரம் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. 'வெயிலில் அலைந்தால் அவனுக்கு இது வரும்' என்று அவர் அம்மாவே என்னிடம் சொன்னார். அவரை யாரும் லேபுக்கு அழைத்துப் போகவில்லை.

'அப்படியானால் நோயை மறைத்துக் கட்டி வைக்கலாமா?' என்று கேட்பார்கள். கூடாது. பிறப்புறுப்பில் புண் வந்தவர், ஆணானாலும் பெண்ணானாலும், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லத்தான் வேண்டும். புண் இருக்கும் நாட்களில் விலகியிருந்து, ஆணுறை பயன்படுத்தி, மருத்துவர் சொன்னால் தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டால், துணைக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அது இருவர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு. அக்காள் கணவருக்கு அதில் என்ன வேலை? 'பிறக்கும் குழந்தைக்கு ஆபத்தாயிற்றே' என்பார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து. பழைய தொற்று உள்ள தாய்மார்களை மருத்துவர்கள் கவனித்து நல்லபடியாகப் பிரசவம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் பிரிவில் புண்ணோடு வருகிறவர்களை மருத்துவர் திரைக்குப் பின்னால் பார்ப்பார். ஹெர்பிஸ் என்றால் ஏசைக்ளோவிர் அடங்கிய சிவப்புப் பொட்டலத்தை இலவசமாகக் கொடுப்போம். துணையையும் அழைத்து வரச் சொல்லி, ஆலோசகர் பேசுவார். கூட வந்த மாமியாரிடமோ மைத்துனரிடமோ ஒரு சீட்டைக்கூடக் காட்டியதில்லை. அரசு ஊழியர்களான எங்களுக்குத் தெரிந்த இந்தக் குறைந்தபட்ச நாகரிகம், பேக்கேஜ் விற்கிறவர்களுக்கு ஏன் இல்லை?

அவர்களைக் கேட்க ஆளில்லை என்பதுதான் காரணம். பொறுப்பில் உள்ள அதிகாரி ஒருவரிடம் முறையிட்டேன். 'எச்.ஐ.வி. என்றால் சட்டம் இருக்கிறது அம்மா, இதற்கு என்ன செய்ய?' என்றார். உண்மைதான், சம்மதத்தையும் ரகசியத்தையும் வலியுறுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எச்.ஐ.வி.க்கு மட்டுமே. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில், தொற்றக்கூடிய பால்வினை நோய் இன்றும் விவாகரத்துக்கு ஒரு காரணம். தொழுநோயை அந்தப் பட்டியலிலிருந்து 2019-இல் எடுத்தவர்கள் இதைத் தொடவில்லை. ஆக, நோயின் பெயரால் பெண்ணைத் தள்ளிவைக்கச் சட்டம் உண்டு, அவள் ரிப்போர்ட்டைக் காப்பாற்றத் தனிச் சட்டம் இல்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997-இல் சட்டம் இயற்றிவிட்டு, அதற்கு விதிகள் எழுத 2018 வரை எடுத்துக்கொண்டவர்கள் நம் ஆட்சியாளர்கள். இதற்கும் அத்தனை வருடம் காத்திருக்க எங்களால் முடியாது.

சுகாதாரத் துறைச் செயலாளர் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். திருமண பேக்கேஜ்களிலிருந்து ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையை நீக்க உத்தரவிடுங்கள். யாருடைய ரத்தமோ அவர் கையில் மட்டுமே ரிப்போர்ட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு லேபுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். மீறுகிற லேபின் உரிமத்தை ரத்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.