வெயிலுதான் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல



மே 12 செவிலியர் தினம். நைட்டிங்கேல் அம்மையாரையும் கைவிளக்கையும் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை என்பதால் இந்த ஆண்டு அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். நம் ஊரில் அந்த நாள் அக்னி நட்சத்திரத்துக்குள் வந்து விழுகிறது. மரக்காணம் உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும் நாட்கள் அவை. இந்த இதழை நர்சிங் மாணவ மாணவியருக்காகத் தயாரிக்கும்போது, மருந்தியல் பாடத்தை வகுப்பறையிலிருந்து எடுத்துப்போய் அந்த வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் மரக்காணம். பக்கிங்காம் கால்வாய், கழுவேலி நீர்ப்பரப்பு, அதையொட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள். சங்க இலக்கியம் பேசும் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் இருந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பொங்கலை ஒட்டித் தொடங்கும் உப்புப் பருவம் வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீளும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையை ஒட்டி ஏறியபோது பாத்திகளெல்லாம் வெள்ளத்தில் மூழ்கின. மழைக்கு முன் சம்பாதித்தால்தான் உண்டு என்பதால், உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகாமல் உட்காருவது இங்கே எளிதல்ல.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதன் பிறகு பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல திட்டம், 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. விழுங்கியபின் அது என்ன செய்கிறது என்பதைக் கவனிக்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் செவிலியர்தான். சமூகநலப் பயிற்சிக்கு வரும் மாணவியாகவும் இருக்கலாம்.

மாத்திரையின் பெயரில் கடைசி அசையைப் பார்த்தால் அது எந்த வகை என்று தெரிந்துவிடும் என்பதை மாணவர்கள் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ‘பிரில்’ என்று முடிந்தால் ஒன்று, ‘சார்டன்’ என்றால் இன்னொன்று, ‘டிபின்’, ‘லால்’ என்று போகும் வரிசை. தேர்வுக்கு அது போதும். உப்பளத்தில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது: மாத்திரையின் பக்கவிளைவும் வேலையின் தேய்மானமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். நாளெல்லாம் உப்புநீரில் நிற்கும் பெண்ணின் கால் வீங்கினால் “தண்ணியில நின்னா வீங்காதா?” என்பார்கள். வீக்கத்துக்கு என்று தனியாக ஒரு நீர் மாத்திரையும் எங்கிருந்தாவது வந்து சேரும். முதல் மாத்திரையின் விளைவுக்கு இரண்டாவது மாத்திரை! ஏற்கெனவே வியர்வையில் வற்றிப்போன உடம்பிலிருந்து அது இன்னும் நீரை இறக்கும். எனாலாபிரில் சாப்பிடுபவர்களில் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடாது. உப்புத் தூசி, கடற்காற்று என்று அதற்கும் காரணம் தயாராக இருக்கும். மாத்திரை தொடங்கிய தேதியையும் இருமல் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும். பதிலை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது உங்கள் வேலையுமல்ல, அவர்களே நிறுத்திக்கொள்வதும் சரியல்ல.

சுகர் மாத்திரையில்தான் எனக்குப் பயம் அதிகம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் என்று பாடம் சொல்கிறது. மே மாதத்து உப்பளத்தில் இவற்றில் எதை நோய் என்று யார் சொல்வார்கள்? “வெயிலுதான் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அவரே பிரஷருக்கு அட்டினலாலும் சாப்பிடுபவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பீட்டா பிளாக்கர் வகை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் மிஞ்சும். அங்கே எல்லோருக்கும்தான் வியர்க்கிறது.

அட்டையோடு தரும் சீட்டில் ‘காலை, உணவுக்கு முன்’ என்று எழுதியிருக்கும். விடியுமுன் பாத்திக்குப் போகிறவருக்குக் காலை எது? கிளம்பும்போது மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறியபின் தூக்கைத் திறக்கிறவருக்கு நடுவில் எத்தனை மணி நேரம்? சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் ஒப்பிக்கிறோம். ஐந்தாவதை மருத்துவமனைக் கடிகாரத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். “எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க அக்கா, முதல் வாய் சோறு எப்போ?” என்று கேட்டு, அதை மருத்துவரிடம் சொல்லி நேரத்தை மாற்றி வாங்குவதும் மருந்து கொடுப்பதில் சேர்ந்ததுதான். சர்க்கரை இறங்கியவர் நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சல்ஃபோனைல்யூரியா சாப்பிட்டவருக்குச் சரியான பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். அவரைத் திரும்பப் பாத்திக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது வலி ஊசி. குனிந்து உப்பு இழுத்துத் தலையில் சுமப்பவர்களுக்கு இடுப்புவலி இல்லாத நாள் கிடையாது. மாத்திரை கேட்காது, ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் ஆழமாக ஊறியது. டைக்ளோஃபெனாக் ஊசியாகப் போனாலும் மாத்திரையாகப் போனாலும் சிறுநீரகத்துக்கு ஒன்றுதான். அது வடிகட்டிக்கு உள்ளே வரும் சிறு ரத்தக்குழாயைச் சுருக்கும். பிரில், சார்டன் வகைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை மொத்த நீரையே குறைக்கும். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். வியர்வை நாலாவதாகச் சேருகிறது. ஐந்தாவது ஒன்றைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை: பாத்திப் பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வெப்பமும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் கழிப்பறை இல்லாமையும் அந்த ஆய்வில் பேசப்பட்டவை. வலி மாத்திரையையும் சேர்த்துப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்றால் “ஒண்ணுமில்ல” என்பார்கள், கடையில் வாங்கும் வலி மாத்திரையை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. “உடம்பு வலிக்கு என்ன போடுவீங்க?” என்று கேளுங்கள். முந்தானை முடிச்சு அவிழும்.

வாந்தி பேதி வந்த நாளில் பிரில், சார்டன், நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் இவற்றைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் அன்றே கேட்க வேண்டும். தலைச்சுற்றல் என்று வருபவரின் பிரஷரை உட்காரவைத்து மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொருமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதைக் குறித்து எழுதுங்கள். சளிக்கு வாங்கும் சிபிஎம் போன்ற பழைய ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும், வியர்வையையும் குறைக்கக்கூடும். கொதிக்கும் வெயிலில் அது ஆறுதல் அல்ல.

வார்டுக்குள் போனால் எச்சரிக்கைகள் வேறு. அவற்றை உள்பக்கங்களில் விரிவாகத் தந்திருக்கிறோம், இங்கே இரண்டை மட்டும் சொல்கிறேன். இன்சுலின் குப்பி நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகையில் வருகிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றினால் அளவு இரண்டரை மடங்கு ஏறும் அல்லது இறங்கும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். கையெழுத்துப் புரியாவிட்டால் கேளுங்கள். இரவு இரண்டு மணியானாலும் கேளுங்கள். எரிச்சலோடு பதில் சொல்லும் டாக்டரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதே பொட்டாசியம் இப்போது சமையலறைக்கும் வந்துவிட்டது. பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடுதான். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் அந்த உப்புக்குப் பரிந்துரை தந்தபோதே, சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் உடலில் பொட்டாசியம் தேங்கக்கூடிய மற்றவர்களுக்கும் அது பொருந்தாது என்று விலக்கி வைத்தது. பிரில், சார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றும் பொட்டாசியத்தை ஏற்றுபவை. மரக்காணத்தில் உப்பு வாரும் குடும்பம் பாக்கெட்டில் மாற்று உப்பு வாங்கும் காலம் இது. வீட்டில் எந்த உப்பு என்பதையும் மருந்துச் சீட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். உப்பைக் குறை என்று எல்லோருக்கும் சொல்வதுபோல், நாள் முழுக்க வியர்வையில் உப்பு இழக்கும் ஒருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமா என்ற கேள்விக்கு, சிறுநீரக மருத்துவர் ஒருவர் அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறார்.

உங்கள் பயிற்சிக் களத்தில் வேலையின் அலுப்பு என்று நினைத்தது மாத்திரையின் விளைவாக இருந்த சம்பவம் ஏதேனும் உண்டா? நெசவு, செங்கல் சூளை, மீன்பிடி, கட்டட வேலை என எந்தத் தொழிலானாலும் எழுதி அனுப்புங்கள். நோயாளியின் பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் வேண்டாம். மருந்து, அளவு, என்ன வேலை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, இவை போதும்.

அன்புடன்,
ஆசிரியர்