ஸ்பீக்கரை மாற்றினால் குத்பா விளங்குமா?



எமது பள்ளிவாசலுக்குப் புதிய சவுண்ட் சிஸ்டம் வாங்க வசூல் தொடங்கியிருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வந்திருக்கும் கோட்டேஷன் பத்து இலட்சத்தைத் தாண்டுகிறது. வெளிநாட்டு பிராண்ட், பெரிய பொக்ஸ்கள், இரண்டு சப்வூஃபர், புது மிக்சர். நிர்வாகத்தில் இருப்பவர்களின் நிய்யத்தில் எமக்குச் சந்தேகமே இல்லை. பின் ஸப்பில் இருக்கும் வயதானவர்களுக்குக் குத்பா விளங்குவதில்லை, ரமழானில் பயானுக்கு வந்து மேல்மாடியில் இருக்கும் பெண்களுக்கு அதைவிட மோசம். குறை உண்மையானது. ஆனால் அது இந்தப் பணத்தால் தீராது என்பதுதான் எமது கருத்து. வசூல் முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பின்னால் இருக்கும் ஒரு அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். "சத்தம் நல்லா வருது மகன், என்ன சொல்றாரெண்டுதான் விளங்குதில்ல" என்பார். நோய் என்னவென்று அவரே சொல்லிவிட்டார். சத்தம் போதாமல் இருந்தால் பெரிய அம்பிளிபயர் மருந்து. இங்கே சத்தம் தாராளமாக வருகிறது, சொல்தான் வரவில்லை.

காரணம் கட்டடம். பழைய பள்ளியில் ஓட்டுக் கூரை, தரையில் பன்பாய், எந்நேரமும் திறந்து கிடந்த யன்னல்கள். இப்போது தரை முழுக்க டைல்ஸ், நாலு பக்கமும் பூசி மெழுகிய சுவர், மேலே கொங்கிரீட், ஏசி போட்டதால் மூடிய கண்ணாடி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கதீப் சொல்லும் ஒரு சொல் இவற்றில் மோதி மோதித் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழுகிறது. சுபஹ் முடிந்து எல்லோரும் போன பிறகு நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். அந்தச் சத்தம் அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று எண்ணுங்கள்.

இதே பிரச்சினை 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை அவர் இரவில் கொண்டுவந்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். வெறும் மண்டபத்தில் சுமார் ஐந்தரை செக்கன் எடுத்தது. மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. அந்த வேலையிலிருந்து வந்த சூத்திரத்தைத்தான் இன்றும் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். அவர் உறிஞ்சலை அளக்க எடுத்த அலகு ஒரு திறந்த யன்னல்! வெளியே போன சத்தம் திரும்பி வராது அல்லவா. எமது வாப்பாமார் கட்டிய பள்ளியில் அது சும்மா கிடைத்தது.

சூத்திரம் சுலபம். மண்டபத்தின் கன அளவை 0.16 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். 20 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம், 6 மீற்றர் உயரமுள்ள ஒரு மண்டபத்தை எடுப்போம். கன அளவு 1800. எல்லாம் டைல்ஸும் பூச்சும், ஆளுமில்லை, விரிப்புமில்லை என்றால் ஒலி அடங்க ஒன்பது செக்கன் வரை போகும். தரை முழுக்கத் தடித்த கார்பட் போட்டால் இரண்டரைக்கு அருகில் வரும். பின் சுவரையும் ஒலி உறிஞ்சும் பலகையால் மூடினால் ஒன்றரையை நெருங்கும். பேச்சுக்கு ஒரு செக்கன் அளவில் இருப்பது நல்லது. ஆட்கள் நிறைந்தால் இன்னும் குறையும், மனித உடம்பும் உடையும் நன்றாக உறிஞ்சும். ஜும்ஆவில் ஓரளவு விளங்குவது ஆள் குறைந்த இஷா பயானில் விளங்காமல் போவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் ஸ்பீக்கரின் விலை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே மண்டபத்தில் விலை கூடிய பொக்ஸை வைத்தால் எதிரொலியும் விலை கூடியதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

'வொட்ஸ்' கதையும் இப்படித்தான். 500 வொட்ஸை 1000 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது 3 டெசிபல். காதுக்குச் சின்ன வித்தியாசம், பில்லில் பெரிய வித்தியாசம். கேட்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடுகிறது, அதற்குக் காசில்லை. அதனால் முன்னால் இரண்டு இராட்சதப் பொக்ஸை வைப்பதைவிட, பக்கச் சுவர்களில் ஆட்களுக்கு அருகில் சிறிய கொலம் ஸ்பீக்கர்களை வைத்து மெதுவாகப் பேசவிடுவது நல்லது. சப்வூஃபர் எதற்கென்று எமக்கு இன்னும் விளங்கவில்லை. டெலிபோனில் நீண்ட காலமாக 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் போனது. சவூதியிலிருந்து பேசிய மகனின் ஒவ்வொரு சொல்லும் உம்மாவுக்கு விளங்கியது. குத்பாவுக்கு 'பேஸ்' தேவையில்லை, அது இரைச்சலைத்தான் கூட்டும். இன்னொன்று, மிக்சரில் உள்ள 'எக்கோ' நொப்பைத் தயவுசெய்து பூச்சியத்தில் வையுங்கள். எதிரொலியால் அவதிப்படும் பள்ளியில் எதிரொலியைக் காசு கொடுத்துச் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

விலை கூடிய ஓடியோ எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நல்ல மைக் வாங்கலாம், அது காசுக்குப் பெறுமதி. கரண்ட் ஏறி இறங்கினாலும் தாங்கும், உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்கும் அம்பிளிபயருக்கும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அதற்கு மேலே போகும் காசில் பெரும்பகுதி பெயருக்கும் பெருமைக்கும். 2007இல் அமெரிக்காவின் பொஸ்டனில் மேயர், மொரான் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலிப்பதிவை அப்படியே ஒரு தடவை, சாதாரண சீடியின் தரத்துக்குக் குறைத்து ஒரு தடவை, எது எதென்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழில்காரர்களும் இருந்தார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே பெறுபேறு வந்திருக்கும்.

2022க்குப் பிறகு எமது ஊரில் ஒரு வீடு மாதம் எப்படி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தையல் காசில் ஐநூறு ரூபா எடுத்து வைத்த பெண்களும் இந்த வசூலில் இருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் போட்டுவிட்டார்கள் என்பது அந்த ஐநூறைச் செலவழிக்கப் போதுமான காரணமில்லை. அங்கே விளங்குகிறதா என்று யாராவது போய்ப் பின் ஸப்பில் இருந்து பார்த்தோமா?

முதலில் கார்பட்டையும் சுவரையும் பாருங்கள். இரண்டு அங்குல ரொக்வூல், மரச் சட்டம், மேலே துணி. எமது ஊர் மேசனும் தச்சரும் தையல்காரரும் செய்யக்கூடிய வேலை. முட்டைத் தட்டு ஒட்டுவதால் பயனில்லை. ஸ்பொஞ் ஒட்டவே வேண்டாம், தீப்பிடித்தால் ஆபத்து. அதன் பிறகும் ஸ்பீக்கர் தேவைப்பட்டால் வாங்குவோம், நாமும் தருவோம்.

வாங்குவதாக இருந்தாலும் விற்பவரை ஒரு வாரம் செட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் பாட்டுப் போட்டுக் காட்டினால் சம்மதிக்க வேண்டாம், பாட்டு எங்கேயும் இனிமையாகத்தான் கேட்கும். நாம் வகுப்பில் வைக்கும் சொல்வதெழுதலை வைப்போம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சொற்கள்: பள்ளி, புள்ளி, வலி, வழி, கடை, தடை, படை... தொடர்பு இருந்தால் காது ஊகித்துவிடும். மிம்பரில் இருந்து ஒருவர் வாசிக்கட்டும். பின் ஸப்பில் ஐந்து பேர், மேல்மாடியில் ஐந்து பெண்கள் எழுதட்டும். பழைய செட்டில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை, யன்னல்களைத் திறந்துவிட்டுப் பழையதிலேயே இன்னொரு தடவை. புள்ளிகளை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடலாம். நிர்வாகம் ஒரு நாள் சொன்னால் போதும், தாளும் பென்சிலும் நாம் கொண்டுவருகிறோம்.