சாத்தனூர் மரமும் அரியலூர்ச் சுண்ணாம்பும்

பனிக்கட்டி உருகி நீராவது இயற்பியல் மாற்றம். காகிதம் எரிந்து சாம்பலாவது வேதியியல் மாற்றம். நாம் அனைவரும் பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம் இது. முன்னது மீளும், பின்னது மீளாது என்னும் வாய்பாட்டையும் இதனோடு சேர்த்துக் கற்றோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவதற்கு இவ்விடை போதும். ஆனால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிறந்து வளரும் மாணவர்க்கு இது போதாது என்பதே என் கருத்து. அவர்தம் காலடி மண்ணே இவ்வாய்பாட்டைத் திருத்திச் சொல்கிறது.

தமிழாசிரியனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். 'பொருள்' என்னும் சொல்லே எனக்கு அவ்வுரிமையை அளிக்கிறது. கையால் தொடும் பண்டமும் பொருள். சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். மண், குடம் என்னும் சொற்கள் புணர்ந்து 'மட்குடம்' ஆகும்போது எழுத்துத் திரிகிறது, பொருள் திரிவதில்லை. 'பொற்றொடி' என்பது பொன்னாலாகிய வளையல். 'பொற்றொடி வந்தாள்' என்றால் அதே சொல் அவ்வளையை அணிந்த பெண்ணைக் குறிக்கும் அன்மொழித்தொகையாகிவிடுகிறது. வடிவம் நிற்க, பொருள் மாறிற்று. இலக்கண வகுப்பில் இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர், அறிவியல் வகுப்பிலும் கேட்க வேண்டிய வினா ஒன்றே: மாறியது வடிவமா, பொருளா?

இவ்வினாவோடு சாத்தனூருக்குச் செல்வோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940 இல் இதனை உலகறியச் செய்தார். இன்று இது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். கடல் இப்பகுதியை மூடியிருந்த கிரெட்டேசியக் காலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், அம்மரம் மண்ணுள் புதையுண்டது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுள் புகுந்து படிந்தது. மரத்தின் பொருள் சிதையச் சிதைய, அவ்விடத்தைச் சிலிக்கா பற்றிக்கொண்டது. காண்பதற்கு மரம், தட்டினால் கல். வடிவம் மாறாமலே பொருள் மாறிய பெருஞ்சான்று இது. உருவத்தை மட்டும் நோக்கி மாற்றத்தின் இயல்பைத் தீர்மானிக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் எந்நூலில் உண்டு?

அடுத்து அரியலூர். அதே பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இம்மாவட்டத்தின் செல்வம். 1979 இல் அரசு சிமெண்ட் ஆலை இங்கே எழுந்தது. பின்னர்த் தனியார் ஆலைகள் பலவும் வந்தன. சுரங்கத்தில் பாறையை வெடிவைத்துப் பிளந்து அரைப்பது இயற்பியல் மாற்றம்; தூளாயினும் அது சுண்ணாம்புக்கல்லே. ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிவது வேதியியல் மாற்றம். நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ வாயுவாகக் காற்றில் கலக்கும். களிமண்ணோடு சேர்ந்து 1450 பாகை அளவில் வெந்தபின் அது கிளிங்கர் ஆகிறது. அதனோடு சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட்.

இனி, 'மீளும், மீளாது' என்னும் வாய்பாட்டுக்கு வருவோம். சுட்ட சுண்ணாம்பில் நீர் தெளித்து நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஈர்த்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் பொருளாகவே இறுகுகிறது. நம் முன்னோர் கட்டிய சுண்ணச்சாந்துச் சுவர்கள் உறுதி பெற்ற முறை இதுவே. வேதியியல் மாற்றம் இங்கே மீண்டுவிட்டது! மறுபுறம், அரைவை இயந்திரத்தில் அகப்பட்டு நொறுங்கிய அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரியின் சுருள் ஓட்டை எண்ணுங்கள். நடந்தது வெறும் இயற்பியல் மாற்றம்; புதுப்பொருள் எதுவும் தோன்றவில்லை. எனினும் அவ்வோட்டை மீட்டுத்தர எவராலும் இயலாது. ஆகவே, புதுப்பொருள் தோன்றிற்றா என்பதே இருவகை மாற்றங்களையும் பிரிக்கும் அளவுகோல். மீளுமா, மீளாதா என்பது வேறு வினா. அது நம் பொறுப்பைப் பற்றிய வினா.

அப்பொறுப்பை நாம் உணர்ந்துள்ளோமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே இம்மண்ணின் தொல்லுயிர் எச்சங்களை அயல்நாட்டு அறிஞர்கள் திரட்டி ஆராய்ந்து நூல்களாக்கினர். அவற்றின்மீது நடந்து பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர் சாத்தனூரைக் கண்டதில்லை. சுற்றுலா என்றால் உதகையும் கொடைக்கானலுமே நம் நினைவுக்கு வருகின்றன.

சிமெண்ட் ஆலைகள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவற்றால் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பெரிகிறது. நாம் வாழும் வீடும், பயிலும் கல்லூரியும் சிமெண்டால் ஆனவையே. ஆனால் வெட்டப்படும் சுரங்கத்தில் வெளிப்படும் அரிய எச்சங்கள் அரைவைக்குப் போகுமுன் அறிந்தவர் கண்ணில் பட வேண்டும். வாரணவாசி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அவை சேர வேண்டும். அவற்றை இனங்காணும் கண் உள்ளூர் இளைஞர்க்கு வாய்த்தாலன்றி இது நடவாது.

இரசாயனக் கலையின் வரலாற்றில் எட்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரை நாம் பெருமையோடு கூறுகிறோம். 'ஆல்கலி' என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குகிறோம். படைப்பைச் சிந்தித்துணருமாறு திருமறை பல இடங்களில் பணிப்பதையும் எடுத்துரைக்கிறோம். முன்னோர் பெருமை பேசுவது எளிது; அவர்தம் வழியில் கண்டும் சோதித்தும் கற்பதே அரிது. லெப்பைக்குடிகாட்டிலிருந்து பேருந்தேறி வரும் மாணவரும், அரியலூர்ச் சிற்றூரிலிருந்து வரும் மாணவியும் ஒருமுறையேனும் அக்கல்மரத்தைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

எனவே ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தைச் சாத்தனூரிலும் சுண்ணாம்புச் சுரங்கத்தின் விளிம்பிலும் நின்று நடத்துவார்களாக. சமுதாயப் பெரியோர் அதற்கான பேருந்துச் செலவை ஏற்பார்களாக. மாணவச் செல்வங்களே! வயலிலோ ஓடையிலோ சுருள் வடிவக் கல்லொன்று கிடைத்தால் வீசி எறியாதீர். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். பத்துக் கோடி ஆண்டுகள் காத்திருந்த ஒன்றை ஒரு நொடியில் தூளாக்கும் ஆற்றல் இன்று நமக்கு உண்டு. அதனை அறிந்து காக்கும் கல்வியும் நமக்கு வேண்டும்.